ரோடு ஹோலில் நான்கு எடுத்தாலே லாபம்

டபிள்யு.ஜி.டி. (வேர்ல்ட் கோல்ஃப் டூர்) என்ற கோல்ஃப் வீடியோ விளையாட்டைப் பல வருடமாக ஆடிவருகிறேன். முன்பு கம்ப்யூட்டரில், இப்போது பெரும்பாலும் மொபைலில். செங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு கோல்ஃபா என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். இந்த விளையாட்டில் மைதானங்கள் கற்பனை இல்லை. நிஜமான மைதானங்களின் புகைப்படங்கள் மேல்தான் பந்து பறக்கிறது. அதனால் நிஜ ஆட்டக்காரர்கள் எங்கே பயந்தார்களோ, அங்கே நாமும் பயப்படுவதுதான் புத்தி. இது எனக்கு உறைத்த இடம் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ், 17ஆவது ஹோல், அதாவது குழி. ரோடு ஹோல் என்பார்கள்.

பார் 4, அதாவது நான்கு அடியில் முடிக்கவேண்டியது. 2010 பிரிட்டிஷ் ஓபன் போட்டிக்காக, முதல் அடி அடிக்கும் இடமான டீயைப் பின்னால் தள்ளி 495 கெஜம் ஆக்கினார்கள். டீயில் நின்றால் பந்து விழவேண்டிய இடம் கண்ணில் படாது. பழைய ரயில்வே கொட்டகைகளின் சாயலில் கட்டிய ஒரு கட்டடம் குறுக்கே நிற்கும். அதன்மேல் ஓல்ட் கோர்ஸ் ஹோட்டலின் பெயர் பெரிய எழுத்துகளில் இருக்கும். எந்த எழுத்துக்கு மேலே அடிப்பது என்று குறி வைப்பதுதான் அங்கே வழக்கம். வலது பக்கம் எல்லைக்கு வெளியே. கொடியும் குழியும் இருக்கும் கிரீனோ நீளமாக, ஒடுக்கமாக, குறுக்குவாக்கில் கிடக்கும். அதன் முன்புறம் இடது பக்கத்தைக் கடித்துக்கொண்டு ரோடு பங்கர் என்ற மணல்குழி. பின்னால் ரோடு, ரோட்டை ஒட்டிக் கல் சுவர்.

1978 ஓபனில் ஜப்பானின் டாமி நகாஜிமா இரண்டே ஷாட்டில் கிரீனுக்கு வந்தார். பட் (கிரீனில் பந்தை உருட்டி விடும் அடி) அடித்த பந்து சரிந்து பங்கருக்குள் போய், வெளியே வரவே நாலு ஷாட் ஆகி, மொத்தம் 9. 1984இல் அமெரிக்காவின் டாம் வாட்சன் இரண்டாவது ஷாட்டை நீட்டி அடித்துவிட்டார். பந்து ரோட்டைத் தாண்டிச் சுவரோரம் நின்றது. கோப்பை ஸ்பெயினின் பாலெஸ்டரோஸுக்குப் போனது. இடது முன்புறம் போனால் நகாஜிமா, நீண்டால் வாட்சன். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் இந்த ஹோலில் பாதி வேலை முடிந்தது.

டீ ஷாட்டில் எனக்கும் என் மைத்துனனுக்கும் தீராத வழக்கு. அவன் புனலூரில் இருக்கிறான். இரவு கடை சாத்தியபிறகு இரண்டு பேரும் மேட்ச் பிளே (ஒவ்வொரு ஹோலுக்கும் தனித்தனியே வெற்றி தோல்வி பார்க்கும் ஆட்டம்) ஆடுவோம். “அத்தான், இடது பக்கம் அடிச்சா பங்கர் குறுக்கே வந்து நிக்கும். வலதுதான் வழி” என்பான். கோணத்தை மட்டும் பார்த்தால் அவன் சொல்வது சரி. வலது ஓரத்திலிருந்து பார்த்தால் கிரீனின் நீளம் முழுவதும் நமக்குத் திறந்திருக்கும். ஆனால் அடிக்கும்போது திரையில் ஓடும் மீட்டரில் நடுக்கோட்டைத் துளி தவறவிட்டாலும் பந்து எல்லைக்கு வெளியே. நான் முதலில் காற்றைப் பார்ப்பேன். திரையில் காற்றைக் காட்டும் அம்பு வலது பக்கம் சாய்ந்திருந்தால் எழுத்துகளின் பக்கமே போகமாட்டேன். ஃபேர்வேயின் (புல் வெட்டிய பாதையின்) நடுவுக்கு இடதாக அடிப்பேன். வலமிருந்து இடமாக வீசினால் எழுத்துக்கு மேலே அடிக்கலாம், காற்றே பந்தை உள்ளே கொண்டுவந்துவிடும்.

ஆனி ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் காற்றில் வளர்ந்தவன் நான். ஆனாலும் அந்த அனுபவம் இங்கே உதவவில்லை. கன்னத்தில் படாத காற்று இது. அம்பையும் எண்ணையும்தான் நம்பவேண்டும். மணிக்கு 10 மைல் எதிர்க்காற்றுக்கு ஒரு கிளப் கூடுதல் (இன்னும் தூரம் போகும் அடுத்த மட்டை) என்ற கோல்ஃப்காரர்களின் பழைய கணக்கு இங்கேயும் ஓரளவு ஒத்துவருகிறது. காற்று அதைவிடப் பலமாக இருந்தால் பந்தை உயரே தூக்காமல் பஞ்ச் ஷாட்டில் தாழ்வாக அனுப்புவதே மேல்.

இரண்டாவது ஷாட்டில்தான் பலர் கெடுகிறார்கள். கொடி தெரிகிறது, தூரம் தெரிகிறது, கை துறுதுறுக்கிறது. கொடியை மறந்துவிடுங்கள். கிரீனின் வலது முன்வாசலுக்குச் சற்று முன்னாலேயே பந்தை விழவையுங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தரை கெட்டியானது, விழுந்த பந்து நிற்காமல் ஓடும். விழும் இடத்தையும் ஓடி நிற்கும் இடத்தையும் தனித்தனியாகக் கணக்குப் போடவேண்டும். கிரீனுக்குள் ஏறினால் சந்தோஷம். ஏறாவிட்டால் அங்கிருந்து ஒரு சிப் (கிட்டத்திலிருந்து தூக்கிப்போடும் சின்ன அடி), ஒரு பட், நான்கு. சிப் கொஞ்சம் சொதப்பினாலும் ஐந்துதான், பெரிய சேதம் இல்லை. கொடி பங்கருக்கு நேர் பின்னால் இருக்கும் நாளில் பட் ஷாட்டையும் கொடிக்கு நேராக அடிக்காமல், வலது பக்கம் அகலமாக விட்டு இரண்டு பட்டில் முடிப்பேன்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு தகவல். ஆட்டக்காரரின் தரநிலை (டியர்) ஏற ஏற டீ பின்னால் போய்க்கொண்டே இருக்கும். ஆரம்பத்தில் இந்த ஹோல் இவ்வளவுதானா என்று தோன்றும், நம்பாதீர்கள். விலை கூடிய டிரைவர் (டீயில் தூரமாக அடிக்கும் மட்டை) வாங்கினால் தூரம் கிடைக்கும், அது உண்மை. ஆனால் மீட்டரில் கை நிற்காதவருக்கு அந்தத் தூரம் எல்லைக்கு வெளியே போகத்தான் உதவும். நான் காசு போடுவதென்றால் நல்ல பந்துக்குத்தான் போடுவேன்.

அப்புறம், புனலூர் ரயிலில் போகும்போது இந்த ஹோலைத் தொடாதீர்கள். மலைக்குள் சிக்னல் வந்து வந்து போகும், மீட்டர் திக்கித் திக்கி ஓடும். பட் பயிற்சி வேண்டுமானால் செய்யலாம்.

இவ்வளவு நிதானமும் மொத்த ஸ்கோரை எண்ணும் ஆட்டத்துக்குத்தான். மேட்ச் பிளேயில் ஒரு ஹோல் பின்தங்கி 17க்கு வந்தால் நானும் மைத்துனன் கட்சிதான், காற்று எப்படி இருந்தாலும் எழுத்துக்கு மேலே அடிப்பேன். அங்கே ஐந்து எடுத்துத் தோற்றாலும் ஒன்பது எடுத்துத் தோற்றாலும் போவது அதே ஒரு ஹோல்தானே.