இன்டர்காம் வேலை செய்கிறதா? அப்படியானால் ‘மெயின் கார்டு போய்விட்டது’ என்பதை நம்பாதீர்கள்

அலுவலகத்தில் இபிஏபிஎக்ஸ் (வெளித் தொலைபேசி இணைப்புகளை உள்ளே இருக்கும் மேசைகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) வைத்திருப்பவர்கள், குறிப்பாக ஐப்பசி இடிமழைக்குப் பிறகு சர்வீஸ் ஆளைக் கூப்பிடப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள். எங்களிடம் 18,500 ரூபாய் கறந்தவரின் பெயரை எழுதப் போவதில்லை. வக்கீல் நோட்டீஸ் நிலுவையில் இருக்கிறது. செய்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

ஈரோட்டில் மஞ்சள் கமிஷன் மண்டி எங்களுடையது. கணக்கையும் அலுவலகத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன். கைபேசி வந்த பிறகும் நான்கு தரைவழி இணைப்புகளை முதலாளி விடவில்லை. சிட்டைகளில் அச்சான எண்கள் அவைதாம். நிஜாமாபாத் வியாபாரிகள் இன்றைக்கும் அதில்தான் விலை கேட்கிறார்கள். கல்லா, கிடங்கு, எடை மேடை, ஏலக்கூடம் என்று உள்ளே பதினாறு எக்ஸ்டென்ஷன்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் சுவரில் ஒரு பெட்டி, அதற்குள் கார்டுகள் எனப்படும் மின்சுற்றுப் பலகைகள்.

ஒரு இரவு நல்ல இடி. காலையில் பார்த்தால் நான்கு இணைப்புகளில் இரண்டு ஊமை. வெளியிலிருந்து அந்த எண்களை அழைத்தவர்களுக்கு எந்நேரமும் ‘எங்கேஜ்டு’ ஒலிதான் கேட்டது. ஆனால் கல்லாவிலிருந்து கிடங்குக்கும் கிடங்கிலிருந்து எடை மேடைக்கும் பேச்சு தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மீதி இரண்டு இணைப்புகளிலும் எல்லா மேசையிலிருந்தும் வெளியே பேச முடிந்தது.

வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்த கடையிலிருந்து ஆள் வந்தார். மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, உதட்டைப் பிதுக்கினார். “அண்ணா, சுவிட்சிங் கார்டு முழுசாகப் போய்விட்டது. புதுப் பெட்டி என்றால் நாற்பதாயிரத்தைத் தாண்டும். கார்டு மட்டும் மாற்றித் தருகிறேன்” என்றார். மின்னல் சேதம் ஒப்பந்தத்தில் வராது என்று பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் காட்டினார். மறுநாள் ஒரு கார்டோடு வந்து மாட்டினார். நான்கு இணைப்புகளும் உயிர் பெற்றன. எங்கள் பழைய கார்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஜிஎஸ்டி எண் இல்லாத ‘எஸ்டிமேட்’ தாள் ஒன்றை நீட்டிவிட்டுப் போனார். அந்தத் தாளில் கார்டின் வரிசை எண்கூட இல்லை.

இந்தப் பெட்டிக்குள் நடப்பது பெரிய மர்மம் அல்ல. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு ஜோடிக் கம்பியும் முதலில் டிரங்க் கார்டுக்குப் போகிறது. சும்மா இருக்கும்போது அதில் ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கும். மணி அடிக்கும்போது ஏறத்தாழ 75 வோல்ட் மாறுமின்சாரம் வரும். மின்னல் அலை வந்தால் தாங்குவதற்கு அங்கே ஒரு பாதுகாப்பு வில்லை உண்டு. நாணயம் அளவுகூட இருக்காது, பெரும்பாலும் நீல நிறம், எம்ஓவி என்பார்கள். அதைத் தாண்டி ரிலே, டிரான்ஸ்பார்மர். அதற்குப் பிறகுதான் மெயின் கார்டில் (அவர் சுவிட்சிங் கார்டு என்றது இதைத்தான்) இருக்கும் சுவிட்சிங் பகுதி. எங்களுடையதைப் போன்ற சிறிய பெட்டிகளில் அது தறியின் பாவும் ஊடும் போன்ற அமைப்பு: ஒரு பக்கம் எட்டுக் கோடுகள், குறுக்கே பதினாறு, மொத்தம் 128 சந்திப்புகள், அத்தனையும் 8816 என்ற எண்ணுள்ள ஒரு சிப்புக்குள். நீங்கள் 5ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் என இரண்டு ஒலிகள் சேர்ந்து கிளம்பும். இன்னொரு சிப் அதைக் கேட்டு எண்ணாக்கிக் கொடுக்க, பிராசசர் எந்தச் சந்திப்பை மூடுவது என்று சொல்லும். கல்லாக்காரர் கிடங்கோடு பேசுவதும் அந்தச் சந்திப்புகளின் வழியாகத்தான்.

இன்டர்காம் ஓடுகிறது, இரண்டு டிரங்குகள், அதாவது வெளி இணைப்புகள், எல்லா மேசைக்கும் போகின்றன என்றால் சுவிட்சிங் பகுதி ‘முழுசாக’ எப்படிப் போயிருக்கும்? இந்தக் கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை என்பதுதான் அவருடைய மூலதனம்.

அடுத்த இடிமழையில் இன்னொரு இணைப்பு ஊமையானது. அதே ஆள், அதே பிதுக்கல், “மறுபடியும் கார்டு போய்விட்டது அண்ணா.” இந்த முறை பணம் கொடுக்காமல் அனுப்பிவிட்டு என் சின்ன மாமனாரை வரச் சொன்னேன். தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றவர். 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதலில் நிறுவப்பட்டதே, மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட்டின் 128 இணைப்புக் கிராம எக்சேஞ்ச், அந்த வகையைப் பல ஊர்களில் பராமரித்தவர். குளிர்சாதன வசதி இல்லாத ஓட்டுக் கட்டடத்தில் கரப்பான் பூச்சியோடு போராடி அதை ஓட்டிய கதையை ஆரம்பித்தால் காபி ஆறிவிடும்.

அவர் முதலில் பெட்டியைத் தொடவே இல்லை. வெளிக் கம்பிகள் வந்து சேரும், சுவரிலிருந்த குரோன் இணைப்புப் பெட்டியில் ஊமை இணைப்பின் ஜோடியை மட்டும் கழற்றி, சாதாரணத் தொலைபேசி ஒன்றை நேராக மாட்டினார். டயல் டோன் தெளிவாகக் கேட்டது. “லைன் நன்றாக இருக்கிறது மாப்பிள்ளை. உன் பெட்டிதான் அதைப் பிடித்து இழுத்து வைத்திருக்கிறது” என்றார். வில்லை வெந்து உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டால் மின்சாரம் அதன் வழியே ஓடிக்கொண்டே இருக்கும். ரிசீவரை யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று எக்சேஞ்ச் நினைத்துக்கொள்ளும். வெளியாருக்கு ‘எங்கேஜ்டு’ கேட்டதற்குக் காரணம் அதுதான். சுவிட்சிங் பகுதியில் கோளாறு என்றால் அழைப்பவருக்கு மணி போகும் ஒலியாவது கேட்டிருக்கும்.

பிறகு மின்சாரத்தை அணைத்து, வெளிக் கம்பிகளையும் பிரித்துவிட்டு டிரங்க் கார்டை வெளியே எடுத்தார். இது எங்கள் சொந்தக் கார்டு, முதல் முறை மாற்றப்படாதது. நான்கு வில்லைகளில் ஒன்று நடுவில் பிளந்து கறுத்திருந்தது. இன்னொன்று பழசு, தூசி படிந்தது. மற்ற இரண்டும் பளபளவென்று புதுசு. பின்பக்கம் திருப்பினால், அந்த இரண்டின் கால்களைச் சுற்றி மட்டும் பற்றவைப்புப் பசை மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது, துடைக்கக்கூட இல்லை. அவை எந்த இணைப்புகளுக்கு உரியவை என்று பார்த்தோம். முதல் மழையில் ஊமையான அதே இரண்டு இணைப்புகள்!

அதாவது, சில ரூபாய் வில்லைகள் இரண்டை மாற்றிக் கோளாறைச் சரிசெய்துவிட்டு, கோளாறே இல்லாத எங்கள் மெயின் கார்டைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார். பதிலுக்கு மாட்டிய ‘புது’க் கார்டையும் உருவிப் பார்த்தோம். முதல் எட்டு எக்ஸ்டென்ஷன்களின் இணைப்பிகள் அதில்தான் இருக்கின்றன. ஆறாவதன் பக்கத்தில் வெளிறிப்போன காகித டேப், அதில் பால்பாயின்ட் பேனாவால் ‘லேபர் வார்டு’ என்று எழுதியிருந்தது. மஞ்சள் மண்டியில் பிரசவ வார்டு! எந்த ஆஸ்பத்திரியில் யாரிடம் என்ன சொல்லிக் கழற்றினாரோ.

இதைவிட என்னை எரியவைத்தது எர்த் கம்பி. பெட்டியிலிருந்து வரும் பச்சைக் கம்பி எங்கும் இணைக்கப்படாமல், நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றி, கேபிள் பட்டைக்குப் பின்னால் செருகப்பட்டிருந்தது. பெட்டியை நிறுவியது இதே கடை. எர்த் இல்லாவிட்டால் மின்னல் அலைக்குப் போக வேறு வழி ஏது? வில்லையை மாற்ற மாமாவுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை; எர்த்தைச் சரிசெய்யத்தான் அரை நாள் போனது.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கூப்பிடும் முன்பே இன்டர்காம் ஓடுகிறதா, எந்த டிரங்க் எந்த மேசையில் வரவில்லை என்று எழுதி வையுங்கள். ஊமை இணைப்பில் நேராகத் தொலைபேசியை மாட்டி டயல் டோன் கேளுங்கள். பெட்டியைத் திறக்காதீர்கள், மணி வரும் நேரத்தில் கை பட்டால் உதறும். கார்டை மாற்றினால் வரிசை எண்ணோடு ஜிஎஸ்டி பில் வாங்குங்கள், பழைய கார்டு உங்கள் அலமாரியில்தான் இருக்க வேண்டும். புரோகிராமிங் கடவுச்சொல்லையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுடையதை மாற்றி வைத்துக்கொண்டு கொடுக்க மறுத்தார்கள். முழுவதையும் அழித்து, பதினாறு எண்களையும் மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது.

நுகர்வோர் ஆணையத்துக்கு உடனே போகலாம் என்றுதான் நினைத்தேன். 2019ஆம் ஆண்டுச் சட்டம் வணிக நோக்கத்துக்காகப் பொருளோ சேவையோ பெறுபவரை நுகர்வோர் என்ற வரையறைக்கு வெளியே வைக்கிறது, சுயதொழிலில் பிழைப்பு நடத்துபவருக்குத்தான் விலக்கு, அதை எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும் என்றார் வக்கீல். அதனால் இப்போதைக்கு நோட்டீஸ் மட்டும் அனுப்பியிருக்கிறோம். பணத்தோடு எங்கள் பழைய மெயின் கார்டையும் திருப்பித் தர வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறோம். பதிவுத் தபாலை வாங்கிக்கொண்டார்கள். இதுவரை பதில் இல்லை.