ஏற்காட்டு நர்சரியில் வாங்கிய மராந்தா: எட்டு மாத அனுபவம்

சென்ற ஆடியில் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஒரு நர்சரியில் 180 ரூபாய்க்கு மராந்தா என்ற அழகு இலைச் செடி ஒன்றை வாங்கி, சேலத்தில் எங்கள் வீட்டில் வளர்த்து வருகிறேன். செடிக்கு முழு மதிப்பெண் தருவேன். விற்றவர்கள் சொன்ன பராமரிப்பு முறைக்கு அப்படித் தர மனம் வரவில்லை.

தொட்டியில் 'கலாத்தியா' என்று எழுதியிருந்தார்கள். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் இது பெரிய பிழையில்லை. ஆனால், "நல்லா வெயில் படுற சன்னல் பக்கமா வைங்க" என்று சொன்னதை நம்பி வைத்ததில், பத்தே நாளில் இரண்டு இலைகள் நிறம் வெளுத்து, ஓரம் கருகிவிட்டன. பிரேசில் மழைக்காடுகளில், பெருமரங்கள் வடிகட்டி விட்ட மங்கிய ஒளியில், ஈரம் குறையாத காற்றில் தரையோடு படர்ந்து வளரும் செடி இது. இத்தனைக்கும், 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காப்பியும் எத்தியோப்பியக் காடுகளில் மரநிழலில் வளர்ந்த செடிதான். சில்வர் ஓக் நிழலில் காப்பி வளர்ப்பவர்களே நிழல் செடியை வெயிலில் வைக்கச் சொன்னது எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது.

வடக்குத் தாழ்வாரத்துக்கு மாற்றிய பிறகு செடி தேறியது. வாழைக் குருத்தைப் போலவே சுருண்டு வரும் புது இலை மெல்ல விரியும்போது, அடர்பச்சையில் சிவப்பு நரம்புகள் மீன்முள் போலத் தெரிகின்றன. வாழையும் நம் சேலத்து மஞ்சளும் தாவர வகைப்பாட்டில் இதே வரிசையைச் சேர்ந்தவை என்பதால் அந்தச் சாயலில் வியப்பில்லை; ஆரோரூட் மாவு தரும் கிழங்கோ இன்னும் நெருக்கமாக, இதே மராந்தா பேரினத்தைச் சேர்ந்தது. 1874-ல் பெல்ஜியத் தாவரவியலாளர் மொரேன் என் செடியின் இனத்துக்கு இட்ட 'லூக்கோநியூரா' என்ற பெயருக்கு வெண்ணரம்பு என்று பொருள். என்னிடம் இருப்பது அதன் செந்நரம்பு வகை.

விளக்கு வைக்கும் நேரத்தில் இலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, கைகூப்பியது போல நின்று, மறுநாள் காலையில் மீண்டும் தாழ்கின்றன. இலையும் காம்பும் சேரும் இடத்தில் சிறு வீக்கம் ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கத்துச் செல்கள் நீரை ஏற்று உப்ப, மறுபக்கத்துச் செல்கள் நீரை இழந்து தளர்வதால்தான் இலை எழுகிறது. ஒரு நாள் மாலை முக்காலியைப் போட்டு அருகிலேயே அமர்ந்து இதைப் பார்த்தேன். கண்ணுக்கு அசைவு தெரியாமலே சிவந்த அடிப்புறம் முழுவதும் வெளியே வந்துவிட்டது.

எங்கள் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் இலைநுனி பழுப்பேறியதால் இப்போது மழைநீரைச் சேமித்து ஊற்றுகிறேன். நர்சரியினர் போட்டிருந்த தென்னை நார்க்கழிவுக் கலவை தரமானது. ஈரம் காக்கிறது, நீரும் தேங்குவதில்லை. வாங்க விரும்புவோர் பங்குனி, சித்திரையில் வாங்க வேண்டாம். சேலத்து வறண்ட அனல்காற்று புதுச்செடியை வாட்டிவிடும். ஆடியில் வாங்குங்கள், இலையின் அடிப்புறத்தில் சிலந்திப்பேன் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.