சுவான்ஜோ போகிறவர்கள் கவனத்துக்கு: 2,400 யுவான் போச்சு

சீனாவில் சுவான்ஜோ என்ற ஊரின் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், கோபம் இன்னும் இறங்கவில்லை. 2,400 யுவான், நம் ஊர்க் காசுக்கு முப்பதாயிரத்தை ஒட்டி வரும், ஒரே நாளில் காலி. இனிப் போகிறவர்கள் எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

மெஷின் வாங்கும் வேலையாகக் குவாங்ஜோ வந்தேன் (அது வேறு ஊர், இது வேறு ஊர்). நடுவில் இரண்டு நாள் சும்மா கிடைத்தது. சுவான்ஜோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்ததையும், நம் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் எழுப்பியிருந்ததையும் படித்த நாளிலிருந்தே ஆசை. கோயில் இப்போது இல்லை, அதன் கற்கள் மட்டும் அங்கங்கே இருக்கின்றன. எனக்கு அவைதான் வேண்டும். தலை நிறைய பூ வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிற சுன்பு கிராமத்துக்கு எல்லாரும்தான் போகிறார்கள்.

டூர் புக் பண்ணும் ஒரு ஆப்பில் தேடியபோது ‘யாரும் காட்டாத இந்துத் தடங்கள்’ என்று ஒன்று வந்தது. தனி கார், ஆங்கிலம் பேசும் கைடு. கையுவான் புத்தர் கோயிலில் இருக்கும் இந்துச் சிற்பத் தூண்கள், கடல்வழி வரலாற்று அருங்காட்சியகம், நான்கு கை அம்மனைக் குவான்யின் (பௌத்தர்களின் கருணைத் தெய்வம்) என்று ஊரார் கும்பிடும் சிதியன் கிராமம், பாரசீகத்திலிருந்து வந்த பழைய மானி மதத்தாரின் சாவோவான் கோயில், 1059இல் கட்டி முடித்த லோயாங் கல் பாலம். ஐந்து இடத்துக்கும் சேர்த்து 2,400. ஆப்பில் 600 முன்பணம் கட்டினேன்.

முதல் நாள் ராத்திரி கைடிடமிருந்து செய்தி. தூணில் இருக்கும் நரசிம்மர் படம், கீழே தமிழிலேயே ‘வணக்கம்’. மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டு அனுப்பியிருப்பான் என்று தெரியாமல் இல்லை. ஆனாலும் சீனாவில் ஓட்டல் அறையில் தனியாக இருக்கும்போது தமிழ் எழுத்தைப் பார்த்தால் மனசு இளகிவிடுகிறது. மீதி 1,800ஐ வீசாட்டில் (சீனாவில் பேசவும் பணம் அனுப்பவும் வைத்திருக்கும் ஆப்) நேரே அனுப்பிவிடுங்கள், ஆப்காரர்களுக்குப் போகிற கமிஷனைக் கிராமத்துக் கோயில் சாவி வைத்திருக்கிற பாட்டிக்குக் கொடுத்துவிடலாம் என்றான். பாட்டியாம்! உடனே கியூஆர் கோடை ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டேன்.

ஒன்பது மணிக்கு வர வேண்டியவன் பத்தே காலுக்கு வந்தான். ஆங்கிலம் அவன் போனுக்குத்தான் தெரியும். கையுவானில் இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் என்னை நிறுத்தி ஒரு படம் எடுத்துவிட்டு, போகலாமா என்கிறான். தூண் எங்கே என்று கேட்டால் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் விசாரிக்கிறான். கடைசியில் நானேதான் கண்டுபிடித்தேன். பதினாறு பட்டை வைத்த இரண்டு கல் தூண்கள், உள்ளங்கையை விரித்தால் மூடிவிடலாம் போன்ற வட்டங்களுக்குள் சிற்பங்கள். ஒன்றில் கோபியர் சேலையை எடுத்துக்கொண்டு மரத்தில் உட்கார்ந்திருக்கிறான் கண்ணன். பத்து நிமிஷம்கூட நிற்க விடவில்லை, கார் பார்க்கிங் காசு ஏறுகிறதாம்.

அடுத்து அருங்காட்சியகம். யானை லிங்கத்தைப் பூசிக்கும் கல்லை, அப்படியே திருவானைக்காவல் கதை, அங்கேதான் பார்க்கலாம் என்று வந்தேன். கதவு பூட்டியிருந்தது. திடீர் விடுமுறை என்றான். போர்டை போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால் திங்கள்தோறும் விடுமுறை! எனக்கு திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே அவன்தான்.

அப்புறம் ஒன்றரை மணி நேரம் தேயிலைக் கடை. நான் வாங்கவில்லை என்றதும் அவன் முகமே மாறிவிட்டது. சிதியனுக்குச் சாலை வேலை நடக்கிறதாம், சாவோவான் தூரமாம். லோயாங் பாலத்துக்கு என்ன காரணம் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. மூன்று மணிக்கு ஓட்டல் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். கையுவானுக்கும் அருங்காட்சியகத்துக்கும் நுழைவுக் கட்டணமே கிடையாது. அப்போ 2,400 எதற்கு?

ஆப்பில் புகார் கொடுத்தேன். முதலில் இயந்திரப் பதில். பிறகு ஒரு ஆள் வந்து, சேவை தொடங்கிவிட்டதால் 600க்கு ரீஃபண்ட் இல்லை என்றார். 1,800 வெளியே கொடுத்தது, அதற்கு அவர்கள் பொறுப்பில்லையாம். ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அனுப்பினேன், 72 மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்திலேயே ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டு 50 யுவான் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த டூருக்காம்! கைடு என்னை பிளாக் செய்துவிட்டான். அரசு உதவி எண் 12345க்குப் போட்டுப் பாருங்கள் என்று ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள், அதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், ரயில் வந்துவிட்டது, வரிசையில் நிற்கிறேன். ஆப்புக்கு வெளியே ஒரு யுவான்கூடக் கொடுக்காதீர்கள். திங்கட்கிழமை போகாதீர்கள். இடப் பெயர்களைச் சீன எழுத்தில் போனில் வைத்துக்கொண்டு டாக்சியில் தனியாகவே போய்விடலாம். கையுவானில் அந்தத் தூண்கள் பெரிய மண்டபத்துக்குப் பின்பக்கம் இருக்கின்றன, முன்னால் தேடாதீர்கள்.