அண்ணையின்ர தோள்மூட்டும் பிளாஸ்மா ஊசியும்: கிளிநொச்சிப் பயணம்

ஓகஸ்ட்டில கனடாவில இருந்து முரசுமோட்டைக்குப் போனது முக்கியமா அண்ணையப் பாக்கத்தான். நெல்லு மூட்டை தூக்கேக்க தோள்மூட்டுத் தசைநாண் (தசைய எலும்போட பிடிச்சு வைக்கிற நார்) கிழிஞ்சு, யூன் மாசம் ஒப்பரேசன் செய்து தைச்சவை. நான் வெளிக்கிட முதலே அண்ணி போன்ல கேட்டவ, தம்பி, கொழும்பில பிரைவேட்டில பிளாஸ்மா ஊசி போட்டா கெதியா மாறுமாம், காசு பாக்கேலுமோ எண்டு. ஆரோ ஒரு கிளினிக்கில அப்பிடிச் சொல்லியிருக்கினம், அவவும் காப்பை அடகு வைக்கிற அளவுக்கு யோசிச்சிட்டா.

இந்தப் பிளாஸ்மா ஊசியத்தான் பி.ஆர்.பி எண்டும் சொல்லுறவை, அது எங்கட சொந்த இரத்தம்தான். கையில எடுத்து மிசினில சுத்த விட்டா குழாயில அடியில சிவப்பணு, நடுவில மெல்லிய வெள்ளைப் படை, மேல மஞ்சள் தண்ணியா பிளாஸ்மா எண்டு பிரியும், அதில பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவுற சின்னத் துணிக்கைகள்) செறிவாக்கின பகுதிய எடுத்துத்தான் போடுறவை. சாதாரணமா ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில 150,000 இலயிருந்து 450,000 வரை பிளேட்லெட் இருக்கும், இதில அது பலமடங்கு கூட. காயம் ஆற உதவுற பதார்த்தங்கள் பிளேட்லெட்டுக்குள்ள இருக்கு எண்டபடியா யோசனை நல்லதுதான். ஆனா தோள்மூட்டுத் தையலுக்கு இதைச் சோதிச்ச ஆய்வுகள் ஒரே பதில் சொல்லேல்லை. சிலதில, சின்ன நடுத்தரக் கிழிவுகள் திரும்பக் கிழியிறது குறைஞ்சிருக்கு, கனக்க ஆய்வுகளில கையின்ர பலத்திலயும் அசைவிலயும் பெரிய வித்தியாசம் தெரியேல்லை. அதோட பெரும்பாலான ஆய்வுகளில அதை ஒப்பரேசன் நேரத்திலயே தைச்ச இடத்தில வைச்சவை. அண்ணைக்கு அந்தக் கட்டம் தாண்டிப் போச்சு, ஒப்பரேசன் செய்த டொக்டரும் இப்ப தேவையில்லை எண்டுதான் சொன்னவர்.

ஆனபடியா கொண்டுபோன காசை அண்ணி கையில குடுத்து ஓட்டோவுக்கு வைக்கச் சொன்னன். பிசியோவுக்கு கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்குத்தான் போறவர், அங்க காசில்லை, போய்வாறதுதான் கஷ்டம். பரந்தன் ரோட்டு பஸ்ஸில சனத்துக்குள்ள நிண்டுகொண்டு போகேக்க பிரேக் அடிச்சா தைச்ச கைதான் முதல் கம்பியப் பிடிக்கப் பாக்கும், எனக்கு அதைப் பாக்கவே நெஞ்சு பதறினது.

பிசியோ அறையில இருந்த பிள்ளை நல்ல பொறுமை. முதல் 4 இலயிருந்து 6 கிழமை கை தூளியில, அந்த நேரம் குனிஞ்சு நிண்டு கையத் தொங்கவிட்டு ஆட்டுறது, பிறகு மற்றக் கையால தூக்கிவிடுறது, பிறகுதான் தானாத் தூக்கிறது, பாரம் எண்டா 12 கிழமைக்குப் பிறகு அதுவும் கொஞ்சம் கொஞ்சமா எண்டு அண்ணைக்கு விளங்கிறமாதிரிச் சொன்னா. வீட்டில செய்ய கயிறும் கப்பியும் வேணும் எண்ட உடன அண்ணை பழைய கிணத்துக் கப்பிய எடுத்து மாமரக் கொப்பில கட்டிப்போட்டார், விடியவும் பின்னேரமும் கதிரையப் போட்டு இருந்து நல்ல கையால இழுக்க மற்றக் கை மெல்ல மெல்ல மேல வரும், கண்ணாடியில்லாமலே எவ்வளவு உயருது எண்டு பாக்க அண்ணி மரத்தில சுண்ணாம்பால கோடு கீறி வைச்சிருக்கிறா.

இன்னொண்டையும் கட்டாயம் சொல்லோணும், அண்ணைக்குச் சுகர் இருக்கு. சுகர் கூடினாலும் சிகரெட் பத்தினாலும் தசைநாண் ஒட்டுறது பிந்தும், எந்த ஊசிய விடவும் முதல் பாக்கவேண்டியது அது. நான் நிண்ட நாளெல்லாம் பின்னேரத் தேத்தண்ணிக்குச் சீனி போடவிடேல்லை, கோவம்தான் அவருக்கு.

உங்கட சொந்தக்காரர் ஆரும் இந்த ஊசிக்குக் காசு கேட்டா, ஒப்பரேசன் செய்த டொக்டர் சம்மதிச்சவரோ, ஸ்கான் பாத்துத்தான் போடுவினமோ எண்டு முதல் கேக்கச் சொல்லுங்கோ, பிசியோவுக்கு ஒழுங்காப் போகினமோ எண்டும் கேளுங்கோ. அண்ணை காலபோக விதைப்புக்கு முதல் லாண்ட்மாஸ்டர் உழவு மிசின் பிடிக்கலாம் எண்டு நிண்டவர், டொக்டர் கண்டிப்பா மாட்டன் எண்டிட்டார், இந்தமுறை மகன்தான் உழப்போறான்.