தரப் பிரிவு வேலை: நெல்லை ஆஸ்பத்திரியா, இங்கிலாந்தின் பாதுகாப்பு மனநல மருத்துவமனையா?

எம்.ஹெச்.ஏ. என்ற மருத்துவமனை நிர்வாகப் படிப்பை முடித்துவிட்டு நெல்லை, தூத்துக்குடி பக்கம் குவாலிட்டி எக்சிக்யூட்டிவாக இருக்கிற தம்பி தங்கச்சிகள் பலர் கேட்பது ஒரே கேள்விதான். மனைவியோ கணவரோ நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போகிறார், கூடப் போனால் 'செக்யூர் ஹாஸ்பிட்டல்' ஒன்றில் திட்டமிடல், தர நிர்வாகம் என்று வேலை இருக்கிறதாம், அது நாம் இங்கே பார்க்கிற வேலைதானா? நான் வண்ணார்பேட்டைப் பக்கம் தனியார் ஆஸ்பத்திரியிலும் இருந்தேன், அங்கே நடுத்தரப் பாதுகாப்பு மனநலப் பிரிவு ஒன்றிலும் இருந்தேன், இப்போது மறுபடி பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வேலையின் பெயர் ஒன்று, வேலை வேறு.

முதலில் அது என்ன இடம் என்று சொல்லிவிடுகிறேன். மனநோயோடு குற்ற வழக்கில் சிக்கியவர்கள், சிறையில் இருக்கும்போது நோய் முற்றியவர்கள், சாதாரண வார்டில் வைத்துப் பார்க்க முடியாதவர்கள், இவர்களை அங்குள்ள 1983 மனநலச் சட்டத்தின் கீழ் தங்கவைத்து சிகிச்சை தருகிற மருத்துவமனை. உயர், நடுத்தர, குறைந்த பாதுகாப்பு என்று மூன்று நிலை. உயர் பாதுகாப்பு மருத்துவமனைகள் இங்கிலாந்தில் மூன்றுதான்: பிராட்மூர், ராம்ப்டன், ஆஷ்வொர்த். நடுத்தரப் பிரிவைச் சுற்றி 5.2 மீட்டர் உயர வேலி. போனை லாக்கரில் வைக்க வேண்டும், சூயிங்கம்கூட உள்ளே போகாது, சாவியை இடுப்போடு சங்கிலியில் மாட்டிக்கொள்ள வேண்டும், ஒரு கதவு பூட்டிய பிறகுதான் அடுத்த கதவு திறக்கும். இத்தனையும் இருந்தாலும் அது ஜெயில் இல்லை. உள்ளே இருப்பவர் நோயாளி. இந்த எண்ணம் மனதில் உறுதியாக இல்லாதவர் அந்த வேலைக்குப் போகவே வேண்டாம்.

இங்கே நம் ஆஸ்பத்திரிகளில் தரம் என்றால் என்.ஏ.பி.ஹெச்., அதாவது மருத்துவமனைகளுக்கான தேசியத் தர அங்கீகாரம். பத்து அத்தியாயங்கள். கீழே விழுந்த நோயாளிகள், ஊசி குத்திய சம்பவங்கள், மருந்துப் பிழை, படுக்கைப் புண், கை கழுவுதல், டிஸ்சார்ஜுக்கு ஆகும் நேரம் என்று மாதாமாதம் கணக்கு. ஐ.சி.யு., ஆபரேஷன் தியேட்டர், லேப், பார்மசி, பயோமெடிக்கல் கழிவு என ஒரே ஆள் எல்லாவற்றையும் தொட வேண்டியிருக்கும். தொழில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது, இதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனால் அசெஸ்ஸர், அதாவது அங்கீகாரத்துக்கான ஆய்வாளர், வரும் வாரம்தான் இங்கே தரத்துக்கு உயிர் வரும் என்பதும் உண்மை. நான் இருந்த ஓரிடத்தில் கிராஷ் கார்ட் என்கிற அவசர மருந்து வண்டியின் சரிபார்ப்பு ரெஜிஸ்டரைப் புரட்டினேன். மாதம் முழுவதற்கும் ஒரே பேனா, ஒரே சாய்வில் கையெழுத்து, ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து. அந்த வண்டியில் அட்ரினலின் தேதி முடிந்து கிடந்தால் கையெழுத்தா வந்து காப்பாற்றும்?

பாதுகாப்பு மருத்துவமனையில் கணக்குகளே வேறு. ஒருவரைத் தனி அறையில் எத்தனை மணி நேரம் வைத்தோம், எத்தனை தடவை பிடித்து அடக்கினோம், அதில் குப்புறப் படுக்கவைத்தது எத்தனை, வாரத்துக்கு 25 மணி நேரம் உருப்படியான வேலையோ பயிற்சியோ விளையாட்டோ கிடைத்ததா, வெளியே போய்வர அனுமதி இருந்தும் ஆள் பற்றாக்குறையால் எத்தனை தடவை ரத்தானது. தனி அறையில் வைத்தால் கவனிப்பவர் 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது எழுத வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து பார்க்க வேண்டும், குழு கூடி முதல் பரிசீலனை நடத்தும்வரை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் வர வேண்டும். அந்தத் தாளைச் சரிபார்க்கிற வேலையில் தர நிர்வாகிக்கும் பங்கு உண்டு. இரவு 2 மணிப் பரிசீலனை காலியாக இருந்தால் அது தாளில் விட்டுப்போன ஒரு கட்டம் மட்டும் இல்லை, அந்த நேரத்தில் ஒரு மனிதன் பூட்டிய அறைக்குள் யாரும் போய்ப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று அர்த்தம்.

இந்த இடத்தில்தான் இரண்டு வேலைகளும் பிரிகின்றன. நம்மூரில் கவனிப்பு சரியில்லை என்றால் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் வரவேற்பறையில் வந்து நிற்பார்கள், கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள். அங்கே பூட்டிய அறைக்குள் இருப்பவருக்கு அந்த வழி இல்லை. அவர் போக முடியாது, பல பேருக்குத் தேடி வரவும் ஆள் இல்லை. நோயாளி சார்பாகப் பேசுவதற்கென்றே பிரதிநிதிகள் உண்டுதான், ஆனாலும் பதிவேடு பொய் சொன்னால் அவர்களால்கூட ஒன்றும் செய்ய முடியாது.

இதை வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்க நமக்குத் தகுதி இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்துத் தர்கா ஊரான ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். நம் தென்மாவட்டத்துக் குடும்பங்கள் காலங்காலமாக நம்பிப் போகிற ஊர் அது. நம்முடைய 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது, தனி அறைப் பூட்டையே அனுமதிப்பதில்லை, உடலைக் கட்டுப்படுத்திய ஒவ்வொரு சம்பவத்தையும் மாதாமாதம் மனநல வாரியத்துக்கு அறிக்கையாக அனுப்பச் சொல்கிறது. எழுத்தளவில் இந்த விஷயத்தில் இங்கிலாந்தைவிட நம் சட்டம் கண்டிப்பானது. அந்த அறிக்கையை ஒழுங்காக எழுதத் தெரிந்த ஆட்கள்தான் குறைவு, அங்கே கற்றவர்கள் இங்கே வந்தால் நல்லது என்று நான் நினைப்பதும் அதனால்தான்.

ஆய்வு முறையிலும் வித்தியாசம் உண்டு. இங்கே அசெஸ்ஸர் பெரும்பாலும் தேதி சொல்லிவிட்டு வருவார். அங்கே சி.கியூ.சி. என்கிற இங்கிலாந்தின் மருத்துவக் கண்காணிப்பு ஆணையம் சொல்லாமலும் வரும், நோயாளிகளிடம் தனியாக உட்கார்ந்து பேசும், நான்கு தரநிலைகளில் ஒன்றைக் கொடுத்து அறிக்கையை எல்லோரும் படிக்கும்படி வெளியிடும். ராயல் காலேஜ் ஆஃப் சைக்கியாட்ரிஸ்ட்ஸ் நடத்தும் சக மருத்துவமனை ஆய்வில், முன்பு இப்படிப்பட்ட இடத்தில் நோயாளியாக இருந்தவரும் ஆய்வாளராக வருவார். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பெரிய வியப்பு. நாங்கள் யாரும் கேட்காத கேள்வியை, சாப்பாடு சூடாக வருகிறதா, இரவில் கண்காணிப்பு ஜன்னல் சத்தம் போடுகிறதா என்பதை, அவர்தான் கேட்டார்.

அரசுப் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. அரசு மருத்துவமனைகளின் தரம், தூய்மைக்கான திட்டங்களான என்.கியூ.ஏ.எஸ்., காயகல்ப் வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த முறை, சம்பளம் குறைவு, ஆனால் ஆரம்ப சுகாதார நிலையம் முதல் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி வரை மாவட்டமே கண்ணுக்குத் தெரியும்.

விசா விஷயம் தெளிவாக இருக்கட்டும். 2025 ஜூலைக்குப் பிறகு பட்டப்படிப்பு நிலைக்குக் கீழுள்ள பெரும்பாலான வேலைகளுக்குப் புதிதாக ஸ்பான்சர் கிடையாது. பேண்ட் 4, 5 என்ற சம்பளப் படிநிலைகளில் உள்ள நிர்வாக வேலையை நம்பித் தனியாகக் கிளம்பாதீர்கள், ஏஜென்ட் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் சரி. துணைவர் விசாவில் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கதவு நிஜமாகத் திறந்திருக்கிறது.

என் கருத்து இதுதான்: படித்து முடித்ததும் முதல் வேலை என்றால் நெல்லையே. எல்லாப் பிரிவையும் பார்த்துவிட்டு, அதன் பிறகும் இந்த வேலைமேல் பிடிப்பு இருந்தால் பாதுகாப்பு மருத்துவமனைக்குப் போங்கள். இன்டர்வியூவுக்கு முன் அந்த இடத்தின் கடைசி சி.கியூ.சி. அறிக்கையை முழுசாகப் படியுங்கள், ரத்தான வெளி அனுமதிகளை யார் கணக்கெடுக்கிறார்கள் என்று கேளுங்கள். இங்கே சேர்வதானால், தர மேலாளர் யாரிடம் நேரடியாக அறிக்கை கொடுக்கிறார் என்று கேளுங்கள். நிர்வாக இயக்குநரிடம் என்றால் சேரலாம், மார்க்கெட்டிங் மேலாளரிடம் என்றால் வேறு இடம் பாருங்கள்.