சாம்பல் அட்டையா, கண் கணக்கா?

மஞ்சள் விளக்கில் எடுத்த படங்களின் நிறத்தைச் சரிசெய்ய ஆட்டோ பொத்தானை அழுத்தலாம், எடிட்டிங் மென்பொருளில் கர்வ்ஸை (நிறங்களைக் கூட்டிக் குறைக்கும் வளைகோடு) இழுத்துக் கண்ணால் பார்த்துத் திருத்தலாம், இல்லை அதே வெளிச்சத்தில் எந்த நிறச்சாயலும் இல்லாத ஒரு சாம்பல் அட்டையைப் படமெடுத்து, 'இதுதான் சாம்பல்' என்று மென்பொருளுக்குக் காட்டும் ஐட்ராப்பரால் அதன்மேல் கிளிக் செய்யலாம். மூன்றையும் பார்த்துவிட்டு நான் அட்டைப் பக்கம் சாய்ந்தவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆட்டோவைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. படத்திலுள்ள நிறங்களின் சராசரி சாம்பலாக இருக்கும் என்பதுதான் எளிய ஆட்டோ முறையின் கணக்கு. படம் முழுக்கப் புல்வெளி என்றால் பச்சையை அடக்குகிறேன் என்று அதன் எதிர் நிறமான மெஜந்தாவைக் (ஊதா கலந்த சிவப்பு) கொட்டிவிடும்.

கர்வ்ஸ் நல்ல கருவிதான், பல வருடம் அதில்தான் ஓட்டினேன். கோளாறு கருவியில் இல்லை, நம் கண்ணில். மஞ்சளடித்த படத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் கண் பழகிப்போய் அதையே வெள்ளை என்று ஒப்புக்கொள்ளும். ஒரே மாலையில் எடுத்த 200 சொச்சம் படங்களை இரண்டு ராத்திரி உட்கார்ந்து திருத்தினேன். தனித்தனியாகப் பார்த்தபோது எல்லாமே சரியாகத்தான் இருந்தன. அப்புறம் வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரே வெள்ளைச் சட்டை ஒரு படத்தில் நீலம், அடுத்ததில் லேசான பச்சை! எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த ஒன்றுதான். அட்டையில் ஒரு கிளிக், வந்த டெம்பரேச்சரையும் (நீலம்-மஞ்சள் அளவு) டின்ட்டையும் (பச்சை-மெஜந்தா அளவு) அப்படியே மற்ற படங்களுக்கு ஒட்டினால் தொகுப்பு முழுக்க ஒரே சாயல். ஆறு மாதம் கழித்து அதில் ஒரு படத்தை மட்டும் மறுபடி திறந்து திருத்தினாலும் அதே எண்தான்.

ஆனால் ரா (RAW) கோப்பில், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பில், எடுத்திருந்தால்தான் இதன் முழுப் பலன். ராவில் 12 அல்லது 14 பிட் தகவல் இருக்கும், வொயிட் பேலன்ஸ் என்ற இந்த நிறத் திருத்தம் அதில் சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு சேனலையும் ஓர் எண்ணால் பெருக்குவது, அவ்வளவே. கேமராவே சுருக்கித் தரும் ஜேபெக்கில் (JPEG) சேனலுக்கு 256 படிகள்தான். கேமராவைப் பகல் வெளிச்ச செட்டிங்கிலேயே விட்டு மஞ்சள் விளக்கில் எடுத்திருந்தால் சிவப்பு உச்சியில் முட்டி வெட்டுப்பட்டிருக்கும், நீலம் அடியில் கிடக்கும், அதைத் தூக்கினால் நாய்ஸும் (படத்தில் தெரியும் புள்ளிகள்) சேர்ந்து எழும். அப்போது அட்டை இருந்தும் பெரிய பயனில்லை.

அட்டைக்குப் பதில் வெள்ளைக் காகிதம் போதாதா என்றால், போதாது. பல காகிதங்களில் வெண்மையூட்டும் ரசாயனம் கலந்திருக்கும், அது புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக உமிழும். அதை நம்பிக் கிளிக் செய்தால் படம் மஞ்சளாகிவிடும்.

ஜன்னல் வெளிச்சமும் விளக்கும் கலந்த இடத்தில் அட்டை வைத்த புள்ளிக்கு மட்டுமே கணக்கு சரியாக இருக்கும், மற்ற பகுதிகளை மாஸ்க் போட்டுத் தனியாகப் பிரித்துக் கண்ணால்தான் திருத்த வேண்டும். அந்த மாதிரிப் படங்கள் நான் அதிகம் எடுத்ததில்லை, அதனால் அங்கே கர்வ்ஸ்காரர்கள் சொல்வதைக் கேளுங்கள். சூரிய அஸ்தமனத்துக்கு அட்டையே வேண்டாம், இருக்கிற அழகும் போய்விடும். விளக்கொளிப் படங்களில்கூட அட்டை சொன்னபடியே விட்டால் முகங்கள் கொஞ்சம் வெளிறித் தெரிகின்றன என்று, டெம்பரேச்சரை 300 கெல்வின் போல ஏற்றி, கொஞ்சம் மஞ்சள் கூட்டிவிட்டுத்தான் மொத்தத்துக்கும் ஒட்டுகிறேன்.