இரண்டாம் திட்டமா, மூன்றாம் திட்டமா: எது எங்கே சறுக்கியது?

இந்தியாவின் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் (1956-61) புள்ளியியலாளர் மகாலனோபிஸ் வகுத்த கனரகத் தொழில் பாதையில் நடந்தது. பிலாய், ரூர்கேலா, துர்காபூர் எஃகு ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் திறன் 10 லட்சம் டன். சிக்கல் டாலரில் வந்தது. இயந்திர இறக்குமதி, தனியார் நிறுவனங்களுக்குத் தாராளமாகக் கொடுத்த இறக்குமதி உரிமங்கள், தானியம் என எல்லாம் ஒரே நேரத்தில் அந்நியச் செலாவணிக் கையிருப்பைக் கரைத்தன. 1958-ல் அரசுத் துறைச் செலவை 4,800 கோடியிலிருந்து 4,500 கோடியாக வெட்டினார்கள். எஃகு, நிலக்கரி, ரயில்வே, மின்சாரம் ஆகியவற்றுக்கு முன்னுரிமை தந்து காப்பாற்றினார்கள். அப்படியும் 4.5% இலக்குக்கு ஆண்டு வளர்ச்சி 4.3% வரை எட்டியது. மோசமில்லை!

மூன்றாம் திட்டம் (1961-66) வேளாண்மைக்கு முன்னுரிமை என்றது. முதலீடு என்னவோ தொழில் பக்கமே சாய்ந்தது. 1962, 1965 போர்கள் பணத்தைப் பாதுகாப்புக்குத் திருப்பின. மழை பொய்த்ததால் தானிய விளைச்சல் ஒரே ஆண்டில் சுமார் 8.9 கோடி டன்னிலிருந்து 7.2 கோடியாகச் சரிந்தது. இலக்கு 5.6%, கிடைத்தது அதில் பாதிதான். போரையும் வறட்சியையும் மட்டும் பழி சொல்வது பாதி உண்மை: பாசனத்தையும் உரத்தையும் முன்பே புறக்கணித்ததன் பலன் இது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள்: டாலர் மதிப்பு 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனது. நான்காம் திட்டம் 1969 வரை தள்ளிப்போனது.